பின் பம்பர் மூலையில் விரிசல்: கிளெய்ம் போடுவதா, கையிலிருந்து செலவழிப்பதா?

#1 மழைக்காலம்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று சாயங்காலம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார் போல, வண்டி உருண்டு வந்து இடித்துவிட்டது. பெரிய இடி கிடையாது, இருக்கையில் தலை ஒரு தடவை பின்னால் போய் வந்தது, அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் பின் பம்பரின் இடது மூலை உள்ளே அமுங்கியிருக்கிறது. சக்கர வளைவை ஒட்டிய விளிம்பு கிளிப்பை விட்டு ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளியே நிற்கிறது. நம்பர் பிளேட்டுக்கு இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், அதைச் சுற்றி அவர் வண்டியின் சிவப்புப் பெயிண்ட்.

அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இன்சூரன்ஸ் எல்லாம் எதுக்குங்க, பில்லை அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி நம்பர் கொடுத்தார். நானும் சரி என்று வந்துவிட்டேன். இன்று காலை ஒரு பட்டறையில் காட்டினேன், நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு பம்பரை மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் போதும், முதல் பட்டறை சொன்னதில் கால்வாசிதான் ஆகும் என்றார்கள். வீட்டுக்காரர் இரண்டு கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டு இழுத்துக் கட்டிவிடலாம் என்கிறார்.

யார் சொல்வதைக் கேட்பது? கிளெய்ம் போட்டால் என் பிரீமியம் ஏறுமா? இன்னொன்று, வலது மூலையில் ஏற்கெனவே ஒரு கீறல் இருக்கிறது. அது இரண்டு வருடத்துக்கு முன் பார்க்கிங் தூணுக்கு நானே கொடுத்தது.

#2 ஓரமாய்ப்போறவன்

உங்கள் வீட்டுக்காரர் என் கட்சி. என் வண்டியின் முன் பம்பர் நாலு கேபிள் டையில் மூன்று வருடமாக நிற்கிறது, கறுப்பு டை கறுப்புப் பம்பர், யாருக்கும் தெரியாது. ஆனால் உங்களுக்குத்தான் இடித்தவர் இருக்கிறாரே, ஒரே பில்லில் வலது மூலைக் கீறலையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். எப்படியும் முழுப் பம்பரையும் அடிக்கப் போகிறார்கள், யார் வந்து எண்ணப் போகிறார்கள்?

#3 பத்தாம்நம்பர்ஸ்பானர்

மேலே சொன்னதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு பட்டறையும் செய்யாத ஒரு வேலை இருக்கிறது, பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் பார்ப்பது. அதைச் செய்யாமல் மாற்றணும் என்பதும் ஊகம், ஒட்டினால் போதும் என்பதும் ஊகம்.

நாம் பம்பர் என்று சொல்லும் வெளிப் பிளாஸ்டிக் வெறும் தோல். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனோடு ரப்பர் கலந்தது. அமுங்கும், பாதி தானே வெளியே வந்துவிடும், அதனால் பார்க்கிறவனுக்குச் சின்ன அடி மாதிரித் தெரியும். தோலுக்குப் பின்னால் நுரைக் கட்டி ஒன்று இருக்கும் (எல்லா வண்டியிலும் இருக்காது), அதற்குப் பின்னால் இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு குறுக்குச் சட்டம், அது இரண்டு குட்டிப் பெட்டிகள் மூலமாகச் சேசிஸோடு சேரும். இடி வாங்குவது இந்தச் சட்டம்தான். தோல் பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்கும், நுரை இரண்டு துண்டாகக் கிடக்கும். இதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. நேர்மாறாகவும் நடக்கும். மூலை கோரமாக வெளியே தொங்கும், கழற்றினால் உடைந்திருப்பது பக்கவாட்டுப் பிராக்கெட் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை மாற்றினால் பம்பர் 'டக்' என்று போய் உட்காரும்.

கழற்றுவதற்கு முன்னாலேயே நீங்கள் வீட்டில் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. டிக்கியைத் திறந்து மூடுங்கள், முன்பு மூடிய மாதிரியே சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். டிக்கிக் கதவுக்கும் பின் விளக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி இடம் வலம் ஒரே அளவா? அப்புறம் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தின் பின் சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டில் அலை அலையாகச் சுருக்கம் விழுந்திருந்தாலோ, மூட்டுகளில் தடவியிருக்கும் சீலன்ட் முடிபோல வெடித்திருந்தாலோ, பம்பர் பேச்சு அத்தோடு முடிந்தது, அது பாடி வேலை. ஒன்றும் இல்லையென்றால் பாதி நிம்மதி.

கேபிள் டையைப் பற்றி: வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் வரை தொங்குவது சாலையில் உராயாமல் இருக்கக் கட்டலாம், அதற்குத் தப்பே இல்லை. அதையே வைத்தியம் என்று மூன்று வருடம் ஓட்டுவது அவரவர் இஷ்டம்.

#4 பழையசர்வேயர்

இன்சூரன்ஸ் பக்கத்தை நான் சொல்கிறேன், பல வருடம் விபத்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வேலையில்தான் காலம் போனது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் பாலிசிப் புத்தகம்தான் கடைசி வார்த்தை. ஆனால் அடிப்படை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்று.

முதலில் #2-க்கு. தம்பி, பழைய கீறலைப் புது விபத்தோடு சேர்த்துக் காட்டுவது பொய்க் கிளெய்ம். யார் எண்ணப் போகிறார்கள் என்று கேட்டீர்கள், நான்தான் எண்ணுவேன். இடதுபுறம் பின்னாலிருந்து நேராக வந்த இடி, வலது மூலையில் பக்கவாட்டில் இழுத்த கோடு, அதன் பள்ளத்தில் இரண்டு வருட அழுக்கு. ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தாலே புதுக் கீறல் வெளுப்பாகவும் பழையது சாம்பலாகவும் பிரிந்துவிடும். அந்தக் கீறலுக்காக நியாயமான இடது பக்கத்தையும் சேர்த்து நிராகரித்துவிடுவார்கள். இரண்டு விபத்து என்றால் இரண்டு கிளெய்ம், இரண்டு டிடக்டிபிள் (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் கையிலிருந்து போடவேண்டிய பங்கு). வேண்டாமென்றால் வலது மூலைக்குத் தனி பில் போட்டுக் கையிலிருந்து கொடுங்கள்.

மழைக்காலம், உங்களுக்கு. விபத்து நடந்ததைக் கம்பெனிக்குச் சொல்வது வேறு, பணம் கேட்பது வேறு. நிறையப் பாலிசிகளில், கிளெய்ம் போடாவிட்டாலும் விபத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். "தகவலுக்காக மட்டும், இப்போதைக்குக் கிளெய்ம் கேட்கவில்லை" என்று எழுதி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அந்தத் தகவலே பிரீமியத்தைப் பாதிக்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், அதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து அவர் "இந்த அம்மா ரிவர்ஸில் வந்து என்னை இடித்தார்" என்று ஒரு கடிதம் அனுப்பினால், உங்கள் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

படங்கள் எடுத்தீர்களா? அவர் வண்டியை எடுத்தீர்களா? நம்பர் பிளேட்டும் இடிபட்ட இடமும் ஒரே படத்தில் இருக்கிறதா? அவருடைய இன்சூரன்ஸ் விவரம் வாங்கினீர்களா, வெறும் போன் நம்பர்தானா?

இன்னொன்று, சர்வேயரோ கம்பெனியோ பார்ப்பதற்கு முன் ஒரு ஸ்குரூவைக்கூட மாற்றாதீர்கள், சிவப்புப் பெயிண்டைத் துடைக்காதீர்கள். அது இப்போது அழுக்கு இல்லை, சாட்சி.

#5 மழைக்காலம்

ஸ்பானர் அண்ணா, சர்வேயர் ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. டிக்கி சரியாகத்தான் மூடுகிறது, ஸ்டெப்னிப் பள்ளத்தில் சுருக்கம் எதுவும் தெரியவில்லை, படம் போட்டிருக்கிறேன். இடது பின் விளக்குக்குக் கீழே மட்டும் இடைவெளி கொஞ்சம் அகலம்.

விபத்து நடந்த இடத்தில் நாலு படம் எடுத்தேன். அவர் நம்பர் பிளேட் இரண்டில் தெளிவாக இருக்கிறது. இன்சூரன்ஸ் விவரம் வாங்கவில்லை, அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதால் கேட்கவே தோன்றவில்லை.

இப்போது கதை மாறிவிட்டது. நேற்று இரண்டு மதிப்பீட்டையும் அனுப்பினேன். மூன்று மணிநேரம் கழித்துப் பதில் வருகிறது, "நான் லேசாகத் தொட்டேன், அந்த விரிசல் முன்னாலேயே இருந்திருக்கும், பாலிஷ் செலவு வேண்டுமானால் தருகிறேன்." அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. கோபத்தில் ராத்திரி தூக்கமே வரவில்லை.

#6 பழையசர்வேயர்

கோபப்பட வேண்டாம், இது தினமும் நடப்பது. இடித்த நிமிடத்தில் எல்லோரும் நல்லவர்கள், எஸ்டிமேட் வந்தபின் நினைவு மங்கும்.

அவர் அனுப்பிய செய்தியைத் திரும்பப் படியுங்கள். "நான் லேசாகத் தொட்டேன்" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதி தெரியும்படி வையுங்கள், பதிலுக்கு ஒரு வார்த்தையும் சூடாக எழுதாதீர்கள்.

இப்போது ஒரு சின்ன வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். தையல் டேப் போதாது, விறைப்பான இரும்பு அளவு டேப் வேண்டும். தரையிலிருந்து செங்குத்தாகப் பிடித்து, சிவப்புப் பெயிண்ட் எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது, விரிசல் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று டேப்பின் எண்கள் தெரியும்படி படம் எடுங்கள். அவர் வண்டியில் என்ன துருத்திக்கொண்டிருக்கிறது? நம்பர் பிளேட் சட்டமா, பம்பரின் உதடா? நீங்கள் எடுத்த படத்தில் அவருடைய சக்கரம் தெரிகிறதா பாருங்கள். டயர் அளவு தெரிந்தால் அதை வைத்தே அவர் பம்பர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஓரளவு கணக்குப் போடலாம். இரண்டு வண்டியின் உயரமும் பொருந்தினால், அவர் வண்டியின் நிறம் உங்கள் விரிசலின் உள் விளிம்பிலும் இருந்தால், "முன்னாலேயே இருந்தது" என்பது நிற்காது. ஏற்கெனவே இருந்த பழைய விரிசல் என்றால் உள்ளே தூசியும் ஈரக்கறையும் படிந்திருக்கும், புதிய பிளவின் உள்பக்கம் பளிச்சென்று இருக்கும். பட்டறையில் முன்பு சர்வீஸ் விட்டபோது எடுத்த படம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள், இப்போது நிறையப் பேர் வண்டியை உள்ளே எடுக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு உங்களுக்கு இரண்டு வழி. அவருடைய கம்பெனியிடம் நேராக மூன்றாம் தரப்புக் கிளெய்ம் கேட்கலாம். அல்லது உங்கள் பாலிசியில் கேட்டுவிட்டு, அவர்களையே அவர் கம்பெனியிடம் வசூலிக்க விடலாம். இரண்டாவது வேகம், ஆனால் முதலில் டிடக்டிபிளை நீங்கள் போடவேண்டி வரும், வசூல் ஆனபின்தான் திரும்பக் கிடைக்கும், அதுவும் தவறு முழுவதும் அவருடையது என்று முடிவானால். முதலாவதில் உங்கள் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் சலுகை) பத்திரமாக இருக்கும், ஆனால் நாள் இழுக்கும். எது உங்கள் நாட்டில் எளிது என்று உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள். சின்னச் சேதத்துக்கு மூன்றாம் தரப்பு வழி சில இடங்களில் வழக்கு வரை போய்விடும், அப்போது லாபமில்லை.

#7 சனிக்கிழமைமெக்கானிக்

இன்சூரன்ஸ் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், அமுங்கின மூலைக்கு ஒரு கெட்டில் வெந்நீர் போதுமே! நான் போன மாதம் செய்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சக்கர வளைவு வழியாகக் கையை விட்டு உள்ளிருந்து தள்ளினேன், 'பொக்' என்று வெளியே வந்தது. உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். விரிசலுக்கு உள்பக்கம் சூப்பர் குளூ, மேலே ஃபைபர் துணி. முடிந்தது.

#8 பெயிண்ட்பூத்

சனிக்கிழமை, வெந்நீர் சரி, பசை சரியில்லை.

தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, பாலிபுரோப்பிலீன் உருகுவது 160 டிகிரிக்குப் பக்கத்தில், அதனால் வெந்நீரால் பம்பரைக் கெடுக்க முடியாது, கையைத்தான் சுட்டுக்கொள்ள முடியும். ஹீட் கன் அப்படி இல்லை, ஐந்நூறு டிகிரி வரை ஊதும், ஒரே இடத்தில் பத்து வினாடி பிடித்தால் பெயிண்ட் கொப்புளிக்கும். மடிப்பு விழாத பள்ளத்துக்கு வெந்நீர் நல்ல வைத்தியம். கூர்மையாக மடங்கியிருந்தால் பள்ளம் வெளியே வந்தாலும் மடிந்த கோட்டில் பெயிண்ட் வெடித்திருக்கும், அது பெயிண்ட் வேலையில் போய்த்தான் முடியும்.

சூப்பர் குளூ விஷயம்: பாலிபுரோப்பிலீன் மேல் எதுவுமே எளிதில் ஒட்டாது, அதன் மேற்பரப்பு அப்படி. இன்று கையில் பிடித்தால் உறுதியாகத் தெரியும், அது காய்ந்தபின் கண்ணாடி மாதிரி விறைப்பு, பம்பரோ வளையும். நாலு ஸ்பீடு பிரேக்கரில் உரிந்துவிடும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், > < என்ற கோணக் குறிகளுக்கு நடுவே எழுத்து அச்சடித்திருக்கும். பி.பி. பிளஸ் இ.பி.டி.எம். (பாலிபுரோப்பிலீனோடு ரப்பர்) என்றால் அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்யவேண்டும். ஏ.பி.எஸ். (அது வேறு வகைப் பிளாஸ்டிக்) என்றால் வேறு குச்சி. ஒன்றுக்கு இன்னொன்று சேரவே சேராது. சிலர் சின்னத் துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டு மிதந்தால் பி.பி. என்று சொல்வார்கள், அதை நம்பவேண்டாம், எழுத்தோடு டி20 என்று இருந்தால் 20 சதவீதம் டால்க் என்ற கல்மாவு கலந்தது, அது பி.பி. ஆனாலும் மூழ்கும்.

முறையான வழி இது. விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு மேலே ஓடாமல் நிறுத்துவது, உள்பக்கம் வி வடிவத்தில் பள்ளம் வெட்டிக் குச்சியால் நிரப்புவது, அதற்குமேல் எஃகு வலையோ சூடான ஸ்டேப்பிள் கம்பியோ புதைப்பது. அப்புறம்தான் முன்பக்கம். பிளாஸ்டிக்குக்கென்று உள்ள வளையும் பட்டி மட்டும், தகட்டுக்குப் பூசும் பட்டியைப் பூசினால் அப்பளம் மாதிரி உடைந்து விழும்.

பெயிண்ட்: எல்லோரும் தவறுவது முதல் படியில். தேய்ப்பதற்கு முன்னாலேயே கழுவி எண்ணெய்ப்பசை எடுக்கவேண்டும், இல்லையென்றால் மெழுகையும் சிலிகானையும் உப்புத்தாளால் உள்ளே தேய்த்து விடுகிறோம், பெயிண்ட் அடிக்கும்போது மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடத்தில் அட்ஹீஷன் ப்ரொமோட்டர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) கட்டாயம். அதை விட்டுவிட்டு அடித்த பெயிண்ட் தான் ஆறு மாதத்தில் பிரஷர் வாஷ் பட்டதும் தோல் உரிகிறது. நிற எண் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும், ஆனால் ஒரே எண்ணில் இரண்டு மூன்று சாயல் உண்டு, வெயிலில் வெளுத்தும் இருக்கும், அதனால் அட்டையில் அடித்து வண்டி பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நேராக அடிப்பவரிடம் விடாதீர்கள். மெட்டாலிக் என்றால் விரிசல் அளவுக்கு மட்டும் அடித்தால் திட்டுத் தெரியும், பம்பர் முழுக்க அடிப்பதுதான் சரி.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. ஹார்ட்னர் கலக்கும் கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சு) ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் ஆஸ்துமா வாழ்நாள் முழுக்க. தூசிக்குக் கட்டும் முகமூடி இதற்குத் துளிகூட உதவாது. எங்கள் பூத்தில் வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி போட்டுத்தான் அடிக்கிறோம். கேரேஜ் கதவைத் திறந்து வைத்தேன் என்று சொல்லி அடிக்கவேண்டாம்.

மழைக்காலம், உங்கள் பம்பரில் பார்க்கிங் சென்சார் இருக்கிறதா? இருந்தால் பட்டறையில் சென்சாரைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதன் முகத்தில் ஏற்கெனவே மெல்லிய பெயிண்ட் இருக்கும், அதற்குமேல் இன்னும் இரண்டு கோட் ஏறினால் காது அடைத்த மாதிரி ஆகிவிடும்.

#9 சனிக்கிழமைமெக்கானிக்

பசை உரிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மூலை மட்டும் நன்றாக இருக்கிறது.

#10 மழைக்காலம்

ஒரு வாரம் எழுதவில்லை, காரணம் உண்டு. என் கம்பெனிக்குத் தகவல் மின்னஞ்சல் போட்டேன். பழைய சர்வீஸ் பட்டறையில் கேட்டேன், மூன்று மாதத்துக்கு முன் வண்டியை உள்ளே எடுத்தபோது எடுத்த பின்பக்கப் படம் இருந்தது! விரிசல் இல்லை, வலது மூலைக் கீறல் மட்டும் இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், சிவப்பு 47 செமீயில் தொடங்கி 53-இல் முடிகிறது, விரிசல் 50-இல். என் படத்தில் அவர் டயரை வைத்துக் கணக்குப் போட்டால் அவருடைய நம்பர் பிளேட் சட்டத்தின் கீழ் விளிம்பு அதே இடத்தில் வருகிறது. கணக்கு பள்ளிக்கூடத்தில் எனக்கு வராது என்றார்கள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, "உங்கள் இன்சூரன்ஸ் விவரத்தைக் கொடுங்கள், இல்லையென்றால் என் கம்பெனி மூலமாகக் கேட்பேன்" என்று இரண்டே வரி எழுதி அனுப்பினேன். மறுநாள் பாலிசி எண் வந்தது. அவர் கம்பெனியில் கிளெய்ம் பதிவாகிவிட்டது.

அவர்கள் அனுப்பிய ஆள் வண்டியைச் சுற்றி வந்தார், ஐந்து நிமிடம். பம்பர் ரிப்பேர், பெயிண்ட், அவ்வளவுதான் எழுதினார். கூடவே ஒரு படிவம், "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று. கையெழுத்துப் போடலாமா?

#11 பழையசர்வேயர்

போடாதீர்கள்!!

பம்பரைக் கழற்றாமல் போட்ட கணக்கு முதல் மதிப்பீடு மட்டும்தான். "கழற்றியபின் தெரியவரும் சேதத்துக்குக் கூடுதல் மதிப்பீடு தரப்படும்" என்று எழுத்தில் வாங்குங்கள். பட்டறைக்கும் சொல்லி வையுங்கள், உள்ளே எதையாவது பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பவேண்டும், மாற்றிவிட்டு அப்புறம் பில் நீட்டக்கூடாது. உடைந்த பழைய பாகத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

#12 பத்தாம்நம்பர்ஸ்பானர்

கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். அரைமணி நேர வேலைதான். டிக்கிக்குள் மூடியைத் திறந்து பின் விளக்குகளை எடுப்பார்கள், அதன் அடியில் இரண்டு போல்ட் இருக்கும், சக்கர வளைவில் இரண்டு ஸ்குரூ, வண்டிக்கு அடியில் நாலைந்து கிளிப். எல்லாம் எடுத்தபின் பம்பரைப் பின்னால் இழுக்கக்கூடாது, முதலில் சக்கரப் பக்கத்து நுனியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிராக்கெட்டிலிருந்து 'டர்ர்ர்' என்று பிரிக்கவேண்டும், அப்புறம்தான் பின்னால். வேகமாக உருவினால் சென்சார் ஒயர் அறுந்துவிடும். சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள், இரண்டு முனைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டினால் போதும்.

#13 நிழல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இவ்வளவு உருளலுக்கே உடைகிற பம்பரை எதற்கு வைக்கிறார்கள்? அப்பா காலத்து வண்டியில் குரோம் பம்பரில் ஏறி நின்று கூரையைத் துடைப்பேன்.

#14 பத்தாம்நம்பர்ஸ்பானர்

நல்ல கேள்விதான். அமெரிக்காவில் எழுபதுகளில் மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் தாங்கவேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள், 1982-இல் அதை 2.5 மைலாகக் குறைத்துவிட்டார்கள், பம்பரே சேதமானால் பரவாயில்லை, விளக்கும் மற்ற பாகங்களும் வேலை செய்தால் போதும் என்ற அளவில். ஐ.நா.வின் 42-ஆம் விதியும் ஏறக்குறைய அதே வேகம்தான், மணிக்கு 4 கிமீ. நீங்கள் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. அந்தக் குரோம் பம்பர் வளையாது என்பது உண்மை, அடியைச் சேசிஸுக்கு அப்படியே அனுப்பிவைக்கும், அல்லது எதிரில் நிற்கிறவன் முழங்காலுக்கு.

#15 மழைக்காலம்

இன்று கழற்றினார்கள், நான் நின்று பார்த்தேன். அண்ணா சொன்ன அதே 'டர்ர்ர்'. சட்டம் நேர், நூல் கட்டிப் பார்த்தாயிற்று. ஆனால் நுரை இடது பக்கம் மூன்று துண்டு! கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. இடது பிராக்கெட் இரண்டாக உடைந்திருக்கிறது. பம்பரின் உள்பக்கம் மாட்டும் காதுகளில் இரண்டு பிய்ந்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தபோது தெரிந்தது அந்த ஒரு சாண் விரிசல் மட்டும்தான்.

காது பிய்ந்ததால் வெல்டிங் செய்தாலும் சரியாக உட்காராது, பம்பரை மாற்றுவதுதான் நல்லது என்கிறார் பட்டறைக்காரர். முதலில் ஒட்டினால் போதும் என்று சொன்னவரும் இவர்தான். கூடுதல் மதிப்பீட்டுக்குப் படங்கள் போய்விட்டன.

#16 பெயிண்ட்பூத்

காதை மறுபடி செய்யலாம், நான் செய்திருக்கிறேன், ஆனால் இரண்டு காது, ஒரு சாண் விரிசல், முழுப் பெயிண்ட் என்று சேர்த்தால் கூலி புதுப் பம்பரின் விலையைத் தொட்டுவிடும். இங்கே மாற்றுவதுதான் நியாயம். ஒரிஜினலா, வெளிக்கம்பெனித் தயாரிப்பா என்று எழுத்தில் கேளுங்கள். வெளித் தயாரிப்பிலும் பெயிண்ட் பிடிக்கும், ஆனால் விளக்குப் பக்கத்து இடைவெளி அவ்வளவு சரியாக வராது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வண்டியில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அடித்தபின் பொருந்தவில்லை என்றால் யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

#17 ஓரமாய்ப்போறவன்

இதையெல்லாம் படித்துவிட்டு என் நாலு கேபிள் டையை வெட்டிப் பார்த்தேன். உள்ளே நுரையே இல்லை. எங்கே போனது என்று தெரியவில்லை. சர்வேயர் ஐயா, மூன்று வருடம் கழித்துக் கிளெய்ம் கேட்டால்... சரி, கேட்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். இடித்தது நானே, எதிராளி இல்லை என்றால் எப்போது கிளெய்ம் போடுவது லாபம்?

#18 பழையசர்வேயர்

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. பட்டறைச் செலவு 100 பங்கு என்று வையுங்கள். அதில் டிடக்டிபிள், சில இடங்களில் எக்ஸஸ் என்பார்கள், 40 பங்கு உங்களுடையது. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பிடிக்கும் பாலிசி என்றால் இன்னும் ஒரு 15. ஆக, கம்பெனி தருவது 45. இப்போது நோ கிளெய்ம் சலுகை போய், அது திரும்ப ஏறும் வரை மூன்று வருடம் பிரீமியம் வருடத்துக்கு 20 பங்கு கூடினால் 60. வாங்கினது 45, கட்டப்போவது 60. இந்த எண்கள் சும்மா ஒரு உதாரணம், ஏஜென்டிடம் "கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பு எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு" என்று இரண்டு தொகை கேட்டு வாங்கி உங்கள் எண்களைப் போடுங்கள். சலுகையைக் காப்பாற்றும் இணைப்பு வாங்கியிருந்தால் கணக்கு வேறு. ஆனால் விளக்கு, சென்சார், சட்டம் என்று உள்ளே போய்விட்டால் செலவு சட்டென்று மூன்று மடங்காகும், அப்போது கிளெய்ம்தான். அதனால்தான் கழற்றிப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடமுடியாது.

#19 மழைக்காலம்

முடிந்தது. இடித்த நாளிலிருந்து ஐந்து வாரம். கூடுதல் மதிப்பீட்டில் நுரை, பிராக்கெட், பம்பர் எல்லாம் ஒப்புக்கொண்டார்கள், கிளிப்புகளுக்கு மட்டும் முனகினார்கள். வண்டி இல்லாத நாட்களுக்கான வாடகை வண்டிச் செலவைக் கேட்டேன், பாதி கொடுத்தார்கள். என் பாலிசியைத் தொடவே இல்லை. வெயிலில் நிறுத்தி மூன்று கோணத்தில் பார்த்தேன், நிறம் ஒத்துப்போகிறது.

புதுப் பம்பர் வந்ததால் வலது மூலைக் கீறலும் தானாகவே போய்விட்டது. ஐயா, இதில் பொய் ஒன்றும் இல்லையே?

ஒரே ஒரு தொல்லை. ரிவர்ஸ் போட்டால் பின்னால் ஒன்றுமே இல்லாதபோதும் இடது சென்சார் கத்திக்கொண்டே இருக்கிறது.

#20 பழையசர்வேயர்

இல்லை. அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

#21 பெயிண்ட்பூத்

சென்சார் தொடர்ந்து கத்தினால் பெரும்பாலும் அது தன் வளையத்தில் சரியாக உட்காரவில்லை, பம்பரின் விளிம்பையே தடையாகக் கேட்கிறது. விரலால் முகத்தைத் தொட்டுப் பாருங்கள், பம்பர் மேற்பரப்போடு சமமாக இருக்கவேண்டும், உள்ளே குழிந்திருந்தால் அதுதான். ரப்பர் வளையத்தைப் போடாமல் மாட்டியிருப்பார்கள். திரும்பக் கொண்டுபோங்கள், காசு கொடுக்காதீர்கள்.

#22 மழைக்காலம்

ரப்பர் வளையம் பட்டறையில் மேசைமேல் கிடந்தது. இரண்டு நிமிட வேலை. நன்றி!

#23 புதுவண்டிக்காரன்

எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் முன் பம்பர். கீழ் கிரில்லுக்குப் பக்கத்தில் லேசாகக் கீறல், விரிசல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தானாக வேகம் பிடிக்கும் க்ரூஸ் வேலை செய்யவில்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது. கீறலை நானே பாலிஷ் போட்டுக்கொள்ளலாமா?

#24 பத்தாம்நம்பர்ஸ்பானர்

பாலிஷ் டப்பாவை மூடி வையுங்கள். அந்த இடத்துக்குப் பின்னால் க்ரூஸுக்காக முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும் ரேடார் இருக்கிறது, பெரும்பாலும் அதன் பிராக்கெட் நகர்ந்திருக்கும், ஒரு டிகிரி திரும்பினாலே போதும், நூறு மீட்டர் தூரத்தில் அடுத்த லேனின் ஓரத்தைப் பார்க்கும். காலிபரேஷன் (ரேடாரின் திசையை அளந்து சரிசெய்வது) செய்யும் வசதி உள்ள இடத்துக்குத்தான் போகவேண்டும். அந்த இடத்தில் பட்டி பூசுவதையும் திரும்பப் பெயிண்ட் அடிப்பதையும் நிறையத் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. இன்சூரன்ஸுக்கு இன்றைக்கே தகவல் சொல்லுங்கள், இது கீறல் கணக்கில் வராது. தனி இழை தொடங்கி, கழற்றியபின் பின்பக்கப் படத்தை அதில் போடுங்கள்.